பன்னிரண்டு தடவை கூட்டிய பதினெட்டு

எங்கள் பிரிவில் எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் கூட்டுத்தொகை இருக்க வேண்டும். வந்த கடிதங்களின் பட்டியலுக்குக் கூட்டு. ரப்பர் மரங்களின் பட்டியலுக்குக் கூட்டு. மழை அளவுக்கும் கூட்டு. ஒருமுறை ஊழியர்களின் வயதுப் பட்டியலைத் தட்டச்சு செய்தபோது அந்த வயதுகளையும் கூட்டி, அடியில் இரட்டைக் கோடு போட்டு அனுப்பிவிட்டேன். கொழும்புத் தலைமை அலுவலகம் அதை அப்படியே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டது. அங்கேயும் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

எங்களை இப்படிப் பழக்கிவிட்டவர் சேனாரத்ன சேர். கம்பனியின் வரைபடப் பிரிவுக்குத் தலைவராக வருவதற்கு முன் அவர் இருபது வருடங்களுக்கு மேல் தோட்டங்களில் பெரிய கிளாக்கராக இருந்தவர். செக்ரோல் பார்த்த மனிதர். யார் யார் இன்று வேலைக்கு வந்தார்கள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நேரே குறிக்கிற பெரிய பதிவேடுதான் செக்ரோல். மேலிருந்து கீழே கூட்டினாலும், இடமிருந்து வலமாகக் கூட்டினாலும் மூலையில் ஒரே எண் வரவேண்டும். வராவிட்டால் அன்று கிளாக்கருக்குச் சோறு இறங்காது.

கேகாலையில் இருந்த அந்த ஆபீசை விட்டு நான் ஓய்வு பெற்று வந்த பிறகு, என்னோடு வேலை செய்த ஒரு பிள்ளை போன் பண்ணினாள். பழைய யுனிக்ஸ் மெஷின் மூன்றையும் லொறியில் ஏற்றிவிட்டார்களாம். "மிஸ், அந்த மெமரிக் கதைய எழுதி வைங்க. நீங்க சொன்னா சிரிப்பு வருது. நாங்க சொன்னா ஒருத்தரும் நம்புறாங்க இல்ல" என்றாள். நம்பாமல் போனால் போகட்டும். ஆனால் அது சிரிப்புக் கதை மட்டும் இல்லை. அதில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. அதை மற்றவர்கள் சொல்வதைவிட நானே சொல்வதுதான் மரியாதை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரம்புக்கனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்ட ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அதே நாற்காலியில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தேன். தொண்ணூற்றிரண்டில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபோது, "டைப் அடிக்கத் தெரிந்தவர்கள் கம்ப்யூட்டருக்கு வரலாம்" என்றார்கள். நாற்பது தாண்டிய நான் கையைத் தூக்கினேன். கண்டிக்குப் போய் ஆறு மாத வகுப்பு. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாம் என் மகள் வயது. யுனிக்ஸ் எனக்குப் பிடித்துப்போனது, அது டைப்ரைட்டரைப் போல எழுத்தையே கேட்டது என்பதால். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனுசரில் அப்படி யார் இருக்கிறார்கள்?

ஏதோ ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் முடிந்து விட்டுப்போன மூன்று வேர்க்ஸ்டேஷன்கள் எங்களுக்கு வந்தன. அவற்றில் பெரியதுக்கு மெமரி அறுபத்துநாலு மெகாபைட். இன்றைக்குக் கையடக்கப் போன் அதைக் கேட்டால் கேலி பண்ணும். அன்று அந்த அறுபத்துநாலில் கேகாலை, இரத்தினபுரி இரண்டு பக்கத்துத் தோட்டங்களின் வரைபடங்களையும் நாங்கள் ஏற்றி இறக்கினோம். எந்தச் சரிவில் பழைய ரப்பரை வெட்டிப் புதிதாக நடலாம், எந்தச் சரிவைத் தொடவே கூடாது என்று தீர்மானிப்பது அந்தப் படங்களை வைத்துத்தான்.

மெஷினைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் ஒரு கட்டளை கொடுத்து, ஓடுகிற ப்ரோக்ராம்களின் பட்டியலை அச்சடித்து எடுப்பேன். ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் நேரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, அது தனக்கென்று கேட்டுப் பெற்ற மொத்தப் பரப்பு. மற்றது, அதில் எவ்வளவு இந்த நிமிடம் மெமரிக்குள் இருக்கிறது என்பது. சேனாரத்ன சேர் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வருவார். அவசரமே கிடையாது. கடைசி வரி வந்ததும் நிமிர்ந்து பார்ப்பார்.

"ஹரி, ராஜி மிஸ். கூட்டு எங்க?" என்பார். ‘சரி’ என்பதை அவர் சிங்களத்தில்தான் சொல்வார்.

முதல் தடவை விளக்கிச் சொன்னேன். மொத்தப் பரப்பைக் கூட்டி வேலையில்லை சேர், அது பெயர்ப் பதிவு மாதிரி, எல்லாரும் ஒரே நாளில் வரமாட்டார்கள் என்றேன். அவருக்கு அது பளிச்சென்று விளங்கிவிட்டது. "அப்ப ரெண்டாவது வரிசைதான் இன்னைக்கு வேலைக்கு வந்த ஆள்கள். அதைக் கூட்டுங்க" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. அன்றிலிருந்து இரண்டாவது வரிசையைக் கூட்டி, இரட்டைக் கோடு போட்டு வந்தேன். கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, எண் நேராக இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

ரிஸ்வான் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். மாவனல்லைப் பிள்ளை. ஆறு மாதத் தற்காலிக நியமனத்தில் மூன்றாவது தடவையாக இருந்தான். சரிவின் அளவைக் கணக்கிட்டு நிறம் தீட்டும் ஒரு ப்ரோக்ராமை அவன் தனியாளாக எழுதியிருந்தான். அது ஆரம்பித்தவுடன் தன்னையே பதினொரு பிரதிகளாகப் பிரித்துக்கொண்டு, தோட்டத்து டிவிஷனுக்கு ஒன்றாக வேலை பார்க்கும். நான் மூன்று நாள் ஸ்கேல் பிடித்துச் செய்கிற வேலையை அது ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடும். அவனுக்கு வரக்காப்பொலையில் பெண் பேசி வைத்திருந்தார்கள். நிரந்தரக் கடிதம் கையில் வந்தால்தான் நாள் குறிப்பது என்று பெண் வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைப் பற்றி அவன் தினமும் கேட்பான். நாங்களும் தினமும் கிண்டல் பண்ணுவோம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய மெஷினுக்கு நோய் பிடித்தது. காலையில் குதிரை மாதிரி ஓடும். சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டு மணியானதும் படுத்துவிடும். எலிக்குட்டியை அசைத்தால் அம்புக்குறி அரை நிமிடம் கழித்துப் போகும். டிஸ்க் மட்டும் கறகறவென்று ஓயாமல் அரைக்கும். மெமரியில் இடம் போதாதபோது அங்கே இருப்பதை டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, திரும்ப எடுத்து வருகிற சத்தம் அது. கொழும்பு எஜன்ட் அனுப்பிய ஒரு டெக்னீஷியன் வந்து பார்த்தார். பட்டியலில் திரையைக் கவனிக்கும் ப்ரோக்ராமுக்கு நேரே பெரிய எண் இருந்தது. "அது எப்பவும் அப்படித்தான் காட்டும், திரை அட்டையையும் சேர்த்துக் காட்டுது, அதை விட்டுருங்க" என்று சொல்லி, பிளேன் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அதை நான் வேத வாக்காக எடுத்துக்கொண்டேன்.

மீதியில் எது பெரியது? ரிஸ்வானின் ப்ரோக்ராம். தாய் ப்ரோக்ராமும் பதினொரு பிரதிகளுமாகப் பன்னிரண்டு வரி. ஒவ்வொன்றுக்கும் நேரே பதினெட்டு மெகாபைட். பன்னிரண்டு பதினெட்டு இருநூற்றுப் பதினாறு.

"மெஷின்ல இடம் அறுபத்துநாலு. கூட்டு இருநூத்திப் பதினாறு. மத்தது எங்க?" என்று சேர் கேட்டார்.

"டிஸ்க்குல இருக்குங்க சேர். அதான் அந்தக் கறகற" என்றேன், கொஞ்சம்கூடத் தயங்காமல்.

ரிஸ்வான் என் மேசைக்கு வந்து நின்றான். ‘சொல்’லுக்குச் ‘செல்’ என்பது அவர்கள் பேச்சு. "மிஸ், அந்தப் பன்னெண்டும் ஒரே மெமரியத்தான் காட்டுது. பிரியக்குள்ள எல்லாத்தையும் பொதுவா வெச்சிக்கொள்ளும். எதையாச்சும் மாத்தி எழுதினாத்தான் அந்த இடத்துக்கு மட்டும் தனிக் கொப்பி. நான் செல்லுறது உண்மை மிஸ்."

"பட்டியல்ல பதினெட்டு பதினெட்டுன்னு பன்னெண்டு தடவை இருக்கே தம்பி. பட்டியல் பொய் சொல்லுமா?"

"பட்டியல் பொய் செல்லல. நாங்க கூட்டினதுதான் பிழை."

தன் ப்ரோக்ராமைக் காப்பாற்றப் பேசுகிறான் என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் டைப் அடித்த கை, பிழை விடாத கை என்ற கர்வம் வேறு. அறிக்கையை ஆங்கிலத்தில் அழகாகத் தயாரித்தேன். ரிஸ்வானின் பெயரை இனிஷலோடு முழுசாக எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன். சேர் மேலொப்பம் இட்டு அனுப்பினார். நாலாம் நாள் பதில் வந்தது. ப்ரோக்ராமை நிறுத்த வேண்டும். ரிஸ்வான் லீவில் நிற்க வேண்டும். அடுத்த புதன்கிழமை டிரெக்டர் நேரில் வந்து அவனுடைய நியமனத்தைப் பற்றித் தீர்மானிப்பார். அவன் தன் குடையை எடுத்துக்கொண்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். என்னிடமும் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ரிஸ்வானும் இல்லை, அவன் ப்ரோக்ராமும் இல்லை. இரண்டு மணிக்கு மெஷின் வழக்கம்போலப் படுத்தது. கறகற. கறகற.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அடைமழை, ஆபீசில் நானும் காவல்காரரும்தான். ரிஸ்வானின் ப்ரோக்ராமை நானே ஓட விட்டேன். நிறுத்தச் சொன்னதை ஓட விட அனுமதி இருக்கிறதா என்றெல்லாம் யோசிக்கவில்லை. மெமரியில் எவ்வளவு இடம் காலி என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பதினொரு பிரதிகளில் ஒன்றை நிறுத்தினேன். பதினெட்டு மெகாபைட் காலியாக வேண்டும். முக்கால் மெகாபைட்கூட ஆகவில்லை. இரண்டாவதை நிறுத்தினேன். அதே முக்கால். பதினொன்றையும் ஒவ்வொன்றாக நிறுத்தி முடித்தபோது மொத்தமாகக் கிடைத்தது எட்டு. கடைசியில் தாயையும் நிறுத்தினேன். அப்போதுதான் ஒரு பதினெட்டு வந்தது. ஒரே ஒரு பதினெட்டு.

பிறகு என் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். தப்பு அந்தத் தாளிலேயே, என் இரட்டைக் கோட்டுக்கு மேலேயே கிடந்தது. இரண்டாவது வரிசை மெமரிக்குள் இருப்பதை மட்டும்தான் சொல்லும். டிஸ்க்குக்குப் போனது அதில் வரவே வராது. அறுபத்துநாலு மெகாபைட் இடத்துக்குள் இருநூற்றுப் பதினாறு இருக்க முடியாதென்றால், ஒரே பொருளைப் பல தடவை எண்ணியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? இதை விளங்கிக்கொள்ள யுனிக்ஸ் வேண்டாம், ஐந்தாம் வகுப்புப் போதும். அன்று பஸ்ஸில் என் இறங்குமிடம் தாண்டிப் போய்விட்டேன்.

ரிஸ்வான் குற்றவாளி இல்லையென்றால் மெஷினை யார் படுக்க வைக்கிறார்கள்? திங்கட்கிழமை அரைமணிக்கு ஒருதரம் பட்டியல் எடுத்தேன். எல்லா எண்ணும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒன்றைத் தவிர. டெக்னீஷியன் விட்டுவிடச் சொன்ன அந்தத் திரை ப்ரோக்ராம், ஏறிக்கொண்டே போனது. திரை அட்டையைச் சேர்த்துக் காட்டுகிறது என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் திரை அட்டை பகலில் வளருமா?

பதினொரு மணியளவில், மெஷினுக்கு முன்னால் இருந்த சேனாரத்ன சேர் ஒரு வரைபடத்தைத் திறந்தார். என் பக்கத்துத் திரையில் பட்டியலை எடுத்தேன். ஒரு மெகாபைட் கூடியிருந்தது. அவர் இன்னொன்று திறந்தார். இன்னும் ஒன்று கூடியது. படம் காட்டும் ப்ரோக்ராமுக்கு நேரே எப்போதும் சின்ன எண்தான். அது படத்தைத் திரை ப்ரோக்ராமின் கையில் கொடுத்து வைத்துவிடுகிறது; பாரம் அதன் பெயரில் ஏறுகிறது.

சேர் ஒரு படத்தையும் மூடவில்லை. மூடுகிற வழக்கமே அவருக்கு இல்லை. செக்ரோலைக் காலையில் விரித்தால் பின்னேரம் கூட்டு முடியும்வரை மூடக்கூடாது அல்லவா? திறந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பதிவேட்டின் பக்கம் புரட்டுவது போல முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் புரட்டப் புரட்ட, டிஸ்க்குக்குப் போனதை மெஷின் திரும்பத் திரும்ப இழுத்து வந்தது. வெள்ளிக்கிழமை ரிஸ்வானின் ப்ரோக்ராம் இல்லாததால் எல்லாவற்றையும் கண்ணால் ஒப்பிட வேண்டி, வழக்கத்தைவிட அதிகமாகத் திறந்திருக்கிறார். இன்று இரண்டு மணிக்கு மெஷின் படுத்தபோது, திறந்து கிடந்தவற்றை நான் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்து மூன்று வரைபடம்.

இதை அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு பிளேன் டீ தேவைப்பட்டது.

"சேர், ஒரு விசயம் சொல்லணுங்க. மொதல்ல என் பிழைய சொல்லிர்றேன்."

"சொல்லுங்க மிஸ்."

"ஒரே ஆளைப் பன்னெண்டு கங்காணிமார் அவங்கவங்க பக்கத்துல பேர் போட்டா, கூட்டுல எத்தனை ஆள் வரும் சேர்?"

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். செக்ரோல்காரரிடம் இரட்டைப் பெயர் என்பது சும்மா சொல்லக்கூடிய சொல் இல்லை. "யாரு போட்டது?"

"நாந்தாங்க. ரிஸ்வான் ப்ரோக்ராமுக்கு. காலைல ஆள் எண்ணுற பெரட்டுக் களத்துல நிக்கிறதே அறுபத்துநாலு பேர்தான். நான் இருநூத்திப் பதினாறு பேர்னு எழுதி அனுப்பிட்டேன்."

சனிக்கிழமைத் தாளைக் கொடுத்தேன். ஸ்கேலை எடுத்து வரிவரியாக இறக்கினார். எட்டு, பிறகு பதினெட்டு. "அப்ப அந்தப் பொடியன் சொன்னது சரி" என்றார். பிறகு, "அப்படின்னா மெஷினக் கெடுக்கிறது மொகத?" என்று, ‘என்ன’ என்பதைச் சிங்களத்தில் கேட்டார்.

நான் அவர் திரையைப் பார்த்தேன். அவரும் தன் திரையைப் பார்த்தார். "மூடிப் பாருங்க சேர்" என்றேன். ஒன்றொன்றாக மூடினார், பெயர் வாசித்து வாசித்து. இருபதாவதை மூடும்போதே கறகற சத்தம் நின்றுவிட்டது. அம்புக்குறி துள்ளி ஓடியது. பட்டியல் எடுத்தேன், திரை ப்ரோக்ராமின் மொத்தப் பரப்பு அப்படியே இருந்தது, ஒரு மெகாபைட்கூடக் குறையவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. மறுபடியும் நாற்பத்து மூன்றையும் திறக்கச் சொன்னேன். எண் கூடவும் இல்லை. வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, அதிலேயே திரும்பத் திரும்ப எழுதுகிறது என்று அப்போது விளங்கியது. பட்டியலில் பெரிய எண்ணாக இருப்பதும், இப்போது பாரமாக இருப்பதும் வேறு வேறு சங்கதி. அன்று படித்ததை நான் ஓய்வு பெறும்வரை மறக்கவில்லை.

திருத்த அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். ஆனால் மனுசி மனுசிதானே. "வரைபடங்களை மூடாமல் ஒரு பாவனையாளர் பயன்படுத்தியதால்" என்று எழுதினேன். முதல் அறிக்கையைப் பற்றி, "கணிப்பில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதினேன். தவறு தானாக நடந்து வந்து தாளில் ஏறிக்கொண்ட மாதிரி.

சேர் வாசித்தார். "இந்தப் பாவனையாளர் யாரு?"

"சேர், டிரெக்டருக்கு அது தேவைப்படாதுங்களே..."

"ரிஸ்வான்ட பேர இனிஷலோட எழுதினோம் தானே, மிஸ்?"

என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, அந்தச் சொல்லை வெட்டி, மேலே தன் பெயரையும் பதவியையும் எழுதினார். மற்ற வரியை அவர் தொடவில்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முகம் சுட்டது. பேனாவைக் கேட்டு வாங்கி, "தவறு நேர்ந்துவிட்டது" என்பதை வெட்டிவிட்டு, தவறு செய்தது நான் என்று என் பெயரை எழுதினேன்.

புதன்கிழமை டிரெக்டர் வந்தார். கூட்ட அறையில் அறிக்கையை உரக்க வாசித்தார். எங்கள் இரண்டு பெயரும் வந்தபோது கண்ணாடிக்கு மேலால் ஒவ்வொருவரையும் ஒருதரம் பார்த்தார். பிறகு ரிஸ்வானைக் கூப்பிடச் சொன்னார். அவன் நனைந்த குடையோடு வாசலில் நின்றான். உள்ளே வர யோசித்தான். வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சேனாரத்ன சேர் எழுந்து நின்றார். அவர் டிரெக்டருக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். தற்காலிக ஊழியன் ஒருவனுக்காக எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். நானும் எழுந்தேன்.

"இரிங்க சேர்... மிஸ், நீங்களும் இரிங்க" என்று அவன் பதறிப்போனான்.

நாங்கள் உட்காரவில்லை. டிரெக்டர் இன்னொரு உறையைப் பிரித்து, அவனுடைய நிரந்தர நியமனக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். அவர் வாசித்து முடிக்கும்வரை நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம்.